சர்க்கரையின் வழித்தடம்: மதுவிலக்குக் கால மலைச் சாராயமும் அமெரிக்கக் குற்றப் புதினமும்

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தைப் பேசும் குற்றப் புதினங்கள் இரண்டு நிலங்களில் நடக்கின்றன. ஒன்று நகரம்: சிகாகோ, நியூயார்க், ரகசிய மதுக்கூடங்கள், கும்பல் தலைவர்கள். மற்றது மலைக்காடு: அப்பலாச்சிய மலைத்தொடரின் ஓடைக்கரைகள், அங்கே சாராயம் காய்ச்சும் குடும்பங்கள், அவர்களைத் தேடி வரும் அதிகாரிகள். முதல் வகையை ஹாலிவுட் உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இரண்டாம் வகை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் குற்றவாளி யார் என்ற கேள்வியை அதிகச் சிக்கலோடு கேட்பது அதுதான். காய்ச்சுபவரும் பிடிப்பவரும் ஒரே தேவாலயத்தில் அமர்ந்து, ஒரே கடையில் கடன் வைத்து, ஒருவர் வீட்டில் மற்றவர் பெண் கொடுத்து வாழும் ஊரில் சட்டத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது எளிதல்ல. இவ்வகைப் புதினங்களில் துப்பாக்கி வெடிக்கும் பக்கங்கள்தான் பெயர் பெற்றவை. அவற்றின் தரத்தை நிர்ணயிப்பவையோ வேறு பக்கங்கள்: சர்க்கரை மூட்டை யார் கடையிலிருந்து வந்தது, மாமூல் யார் கைக்குப் போனது என்று கணக்குப் பார்க்கும் பக்கங்கள்.

மலைக்காரர்களுக்கும் அரசுக்கும் இடையிலான பகை மதுவிலக்குக்கு நெடுங்காலம் முந்தியது. 1791-இல் நிதிச் செயலாளர் அலெக்ஸாண்டர் ஹாமில்டனின் முன்மொழிவின்படி விஸ்கிக்கு வரி விதிக்கப்பட்டது. மேற்குப் பென்சில்வேனியாவின் குடியானவர்கள் 1794-இல் கலகத்தில் இறங்க, அதிபர் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிச் சென்றார். ஜெஃபர்சன் ஆட்சியில், 1802-இல் நீங்கிய அந்த வரி, உள்நாட்டுப் போருக்குப் பணம் தேவைப்பட்டபோது 1862-இல் திரும்பி வந்தது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து குடியேறிய ஸ்காட்டிய வழியினர் பலர் மலைகளில் தங்கி, காய்ச்சும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தனர். அதில் பொருளாதாரமும் இருந்தது. சாலையில்லாத மலையில் ஒரு பொதிக்குதிரை நான்கு புஷல் தானியத்தைத்தான் சுமக்கும். அதையே சாராயமாக்கினால் ஏறத்தாழ 24 புஷல் தானியத்தின் மதிப்பை அதே குதிரை சந்தைக்குக் கொண்டுபோகும். சோளம் தன்னுடையது, விறகு தன்னுடையது, ஓடைத் தண்ணீர் யாருடையதும் அல்ல. இதில் வாஷிங்டன் நகரத்து அரசுக்கு என்ன பங்கு என்பது மலைக்காரரின் வாதம்.

இந்த மோதலை முதலில் புனைவாக்கியவர்கள் வட்டார வண்ணத்தை விரும்பிய 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள். சார்ல்ஸ் எக்பர்ட் கிரடாக் என்ற ஆண் பெயரில் எழுதிய மேரி நோவைல்ஸ் மர்ஃப்ரீ 1884-இல் வெளியிட்ட டென்னசி மலைக் கதைகள் நகர வாசகர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றன. மலைவாசியை முரடன், மானஸ்தன், காலம் மறந்த மனிதன் என்று வார்த்துத் தந்த அச்சு அங்கேதான் உருவானது. அடுத்த நூறாண்டுகளில் வந்த புதினங்கள் பலவும் அந்த அச்சோடு மல்லுக்கட்டியிருக்கின்றன, அல்லது அதிலேயே விழுந்திருக்கின்றன.

1920 ஜனவரி 17 அன்று நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அரை விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்ட எந்தப் பானமும் போதை மதுவே என்றது வோல்ஸ்டெட் சட்டம். வர்ஜீனியா மாநிலம் அதற்கு முன்னதாகவே, 1916 நவம்பரிலேயே, மதுவை விலக்கியிருந்தது. சட்டப்படி நடந்த வடிசாலைகள் மூடப்பட்டதும் நகரங்களின் தாகம் மலைகளை நோக்கித் திரும்பியது. அதுவரை வீட்டுத் தேவைக்கும் அக்கம்பக்கத்து விற்பனைக்கும் காய்ச்சியவர்கள், லாரி லாரியாக அனுப்பும் உற்பத்தியாளர்களாக மாறினார்கள்.

தொழில்முறையும் கூடவே மாறியது. பழைய முறையில் மக்காச்சோள மாவும் முளைகட்டி உலர்த்திய தானியமும் வெந்நீரில் ஊறும். முளைத் தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும். புளித்த ஊறலைச் செப்புக் கொப்பரையில் ஏற்றி மெல்லிய தீயில் காய்ச்சினால், ஆவி மூடியின் வழியே வெளியேறி, குளிர்ந்த ஓடைநீரில் மூழ்கிய செப்புச் சுருளில் நீராகி வடியும். முதல்வடியில் கேடு தரும் பொருள்கள் மிகுந்திருக்கும். தேர்ந்தவர் அதைக் கீழே ஊற்றிவிடுவார். மீண்டும் ஒருமுறை வடித்தால்தான் வீரியம் ஏறும். வீரியத்தை அளக்கக் கருவி தேவையில்லை. சீசாவைக் குலுக்கி, எழும் குமிழிகளின் அளவையும் அவை நிற்கும் நேரத்தையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சந்தை பெருத்ததும் இந்தப் பொறுமை காணாமல்போனது. ஊறலில் நேரடியாகச் சர்க்கரையைக் கொட்டினால் நாளும் குறையும், வடியும் பெருகும். மலைச் சாராயத்தின் பெரும்பகுதி, பெயரில் சோளம் இருந்தாலும், சர்க்கரைச் சாராயம் ஆனது. சர்க்கரை மலையில் விளைவதில்லை. ரயிலில் வரவேண்டும், கடைக்காரர் வாங்கி விற்கவேண்டும், யாராவது அதற்குப் பணம் போடவேண்டும். ஓடைக்கரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு முதலாளி உருவானது இப்படித்தான்.

இதன் முழு உருவத்தையும் காட்டிய இடம் தென்மேற்கு வர்ஜீனியாவின் ஃபிராங்க்ளின் மாவட்டம். மக்கள்தொகை ஏறத்தாழ 24,000. மலைக்குடும்பங்களுக்கு ரொக்கம் தந்த அமெரிக்கக் கஷ்கொட்டை மரங்களைப் பூஞ்சை நோய் அழித்துக்கொண்டிருந்தது. புகையிலை விலை சரிந்தது. 1930-இல் கடும் வறட்சி. அதன் தலைமேல் பொருளாதாரப் பெருமந்தம். அதிபர் ஹூவர் அமைத்த விக்கர்ஷாம் ஆணையம் 1931-இல் வெளியிட்ட அறிக்கையில், இம்மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சாராயம் காய்ச்சுகிறார்கள் அல்லது அதோடு ஏதோ ஒரு தொடர்பு கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லப்படுவதாகப் பதிவாகியிருக்கிறது. அது மிகையாக இருக்கலாம். ஆனால் சில ஆண்டுகளில் நீதிமன்றத்துக்கு வந்த கணக்கைப் பார்த்தால் பெரிய மிகை என்று தோன்றாது.

1935-இல் ரோனோக் நகரில் நடந்த மத்திய அரசு வழக்கில், 1930-களின் முதற்பாதியில் அம்மாவட்டத்துக்குள் வந்த சர்க்கரை ஏறத்தாழ 3 கோடியே 38 லட்சம் பவுண்டு என்று காட்டப்பட்டது. குழந்தை முதல் கிழவர் வரை பங்கிட்டால் தலைக்குச் சுமார் 1,400 பவுண்டு. ஈஸ்ட் 37 டன். இவ்வளவு பொருள் யார் கண்ணிலும் படாமல் ரயில் நிலையத்தில் இறங்கியிருக்க முடியாது. அதனால் வழக்கு காய்ச்சியவர்களோடு நிற்கவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தார், மதுவிலக்கு அதிகாரிகள், வணிகர்கள் எனக் குற்றம்சாட்டப்பட்டோர் வரிசை நீண்டது. மாமூல் கட்டியவரின் கொட்டகை நிற்கும், கட்டாதவரின் கொட்டகை உடையும் என்பதே அரசுத் தரப்பின் சாரம். வழக்கு தொடங்குமுன் 1934-இல் துணை ஷெரிஃப் ஜெஃப் ரிச்சர்ட்ஸ் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. 20 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மாவட்ட அரசு வழக்கறிஞரும் தளபதி ராபர்ட் லீயின் உறவினருமான கார்ட்டர் லீ விடுதலையானார். இவ்வளவு பெரிய சதிக்குக் கிடைத்த தண்டனைகள் பொதுவாக லேசானவை. பின்னர் ஜூரிகளை விலைக்கு வாங்க முயன்றதாகவும் ஒரு வழக்கு நடந்தது. குற்றப் புதினத்துக்கு இதைவிட முழுமையான கதைக்கட்டு கிடைப்பது அரிது.

அதை முதலில் கண்டுகொண்டவர் ஷெர்வுட் ஆண்டர்சன். 1919-இல் வெளிவந்த ‘வைன்ஸ்பர்க், ஒஹாயோ’ மூலம் அமெரிக்கச் சிறுகதையின் போக்கையே மாற்றிய அவர், 1920-களின் பிற்பகுதியில் தென்மேற்கு வர்ஜீனியாவில் குடியேறி மேரியன் ஊரில் இரண்டு பத்திரிகைகளை வாங்கி நடத்திவந்தார். ரோனோக் வழக்கைப் பற்றி ‘லிபர்ட்டி’ இதழுக்கு எழுதினார். நாட்டிலேயே மிக ‘ஈரமான’, அதாவது மது மிகுந்த, பகுதி ஃபிராங்க்ளின் மாவட்டம் என்ற பெயர் பரவக் காரணமும் அவரே. அவரைக் கவர்ந்தவர் வில்லி கார்ட்டர் ஷார்ப் என்ற பெண். 1926 முதல் 1931 வரை 2,20,000 கேலனுக்கு மேல் சாராயத்தைத் தான் ஏற்றிச் சென்றதாகவோ முன்வண்டி ஓட்டி வழிகாட்டியதாகவோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். பல்லில் வைரம் பதித்தவர். அவரை வைத்து 1936-இல் ஆண்டர்சன் எழுதிய ‘கிட் பிராண்டன்’ என்ற புதினத்தில், மலையில் பிறந்து பஞ்சாலையில் உழைத்த ஒரு பெண் சாராய முதலாளியின் மகனை மணந்து, தானே வண்டி ஓட்டத் தொடங்குகிறாள். அலைபாயும் நடை, தளர்ந்த கட்டமைப்பு என்று குறைசொல்ல இடமுண்டு. ஆனால் பஞ்சாலை முதலாளிக்கும் சாராய முதலாளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை, சொற்பொழிவாகச் சொல்லாமல், ஒரே பெண்ணின் உழைப்பின் வழியே அந்நூல் காட்டிவிடுகிறது.

ஆண்டர்சனையே ஒரு பாத்திரமாக்கி, அதே மாவட்டத்துக்கு 2008-இல் திரும்பியவர் மேட் பாண்டுரன்ட். ‘த வெட்டஸ்ட் கவுண்டி இன் த வேர்ல்ட்’ என்ற அவரது புதினம் இவ்வகையின் மையப் படைப்பு எனலாம். ஹோவர்ட், ஃபாரஸ்ட், ஜாக் என்ற பாண்டுரன்ட் சகோதரர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். ஜாக், ஆசிரியரின் தாத்தா. 1930 டிசம்பரில் மகோடி ஓடைப் பாலத்தில் துணை ஷெரிஃப்கள் வழிமறித்துச் சுட்டதில் ஜாக்கும் ஃபாரஸ்டும் காயமுற்றது பதிவான நிகழ்ச்சி. குடும்பத்தில் இதைப் பற்றி அதிகம் பேசாதவர்கள் விட்டுச்சென்ற இடைவெளிகளை, செய்தித்தாள்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் குடும்பக் கதைகளையும் கொண்டு பேரன் நிரப்புகிறார்.

புதினம் இரு காலங்களில் மாறிமாறி ஓடுகிறது. ஒன்று, 1920-களின் இறுதியிலிருந்து பாலத்துத் துப்பாக்கிச் சூடுவரை சகோதரர்களின் வாழ்க்கை. மற்றது, 1934-இல் ஆண்டர்சன் ஊருக்குள் வந்து வாய்திறக்காத மக்களிடம் செய்தி கேட்டு அலைவது. குடும்பத்தின் காயம் சாராயத்தில் தொடங்கவில்லை. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பரவத் தொடங்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் தாயையும் சகோதரிகளையும் கொண்டுபோகிறது. மிஞ்சிய ஆண்கள் பேச்சற்றுப்போகிறார்கள். ஹோவர்ட் போரிலிருந்து திரும்பியவன், குடியில் மூழ்குபவன். ஃபாரஸ்ட் சாலையோர உணவகம் நடத்துபவன். கழுத்து அறுபட்டும் பிழைத்ததால் சாகாவரம் பெற்றவன் என்று ஊரே நம்புகிறது. இளையவன் ஜாக்குக்குப் பளபளக்கும் காரும் நல்ல உடுப்பும் வேண்டும். ஜெர்மானிய வழிவந்த கட்டுப்பெட்டியான திருச்சபையைச் சேர்ந்த பெர்த்தா மினிக்ஸ் வேண்டும். மாமூல் கட்ட மறுப்பதிலிருந்து வன்முறை முளைக்கிறது. மறுப்புக்குக் காரணம் அறம் அன்று. தன் உழைப்பில் இன்னொருவன் பங்கு கேட்பதைப் பொறுக்காத பிடிவாதம். 1794-இன் விஸ்கிக் கலகத்தின் குரல் அதில் கேட்கிறது.

இப்புதினத்தின் மிகச்சிறந்த உத்தி ஆண்டர்சனின் தோல்விதான். பெயர்பெற்ற எழுத்தாளர், கேட்கத் தெரிந்தவர், அதே மாநிலத்தில் வாழ்பவர். ஆயினும் ஊர் அவருக்குத் திறப்பதில்லை. வாசகருக்கு அவரைவிட அதிகம் தெரியும், ஆனால் முழுதும் தெரியாது. குற்றத்தைத் துப்பறிபவர் கண்டுபிடிப்பார் என்ற வகைமை ஒப்பந்தம் இங்கே முறிகிறது. புதினம் சறுக்கும் இடமும் உண்டு. சகோதரர்களின் வன்முறையை, குறிப்பாக ஃபாரஸ்டின் மௌனத்தை, பேரனுக்கே உரிய பிரமிப்போடு அது தூக்கிப்பிடிக்கிறது. பழிவாங்கலின் கொடூரத்தை மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சகோதரர்கள் விற்ற சரக்கு யார் வயிற்றுக்குப் போனது, அவர்களுக்கு மூலப்பொருள் தந்தவர் எவ்வளவு சேர்த்தார் என்ற பக்கங்கள் மெலிந்தே இருக்கின்றன. குடும்பக் காவியத்துக்குக் கணக்குப் புத்தகம் எப்போதுமே தொந்தரவு.

2012-இல் ஜான் ஹில்கோட் இயக்கத்தில், நிக் கேவ் திரைக்கதையில் வெளியான ‘லாலெஸ்’ அந்தத் தொந்தரவை அடியோடு நீக்கியது. புதினத்தில் உள்ளூர்த் துணை ஷெரிஃபாக இருக்கும் சார்லி ரேக்ஸ், படத்தில் சிகாகோவிலிருந்து வரும் கையுறை அணிந்த கொடியவன். ஆண்டர்சன் காணாமல்போகிறார். தீமை வெளியூரிலிருந்து வருகிறது, ஊர் நல்லது என்ற சமன்பாடு திரைக்கு வசதி. ரோனோக் நீதிமன்றம் நிறுவ முயன்றது இதற்கு நேர்மாறானது: கொள்ளையை நடத்தியது ஊரின் சொந்த நிர்வாகமே என்று.

மதுவிலக்கு அமலில் இருந்தபோதே எழுதப்பட்டு, 1931-இல் வெளிவந்த வில்லியம் ஃபாக்னரின் ‘சாங்க்சுவரி’ இந்த மாயைக்கு இடமே தரவில்லை. மிசிசிப்பியில் பாழடைந்த ஒரு பழைய மாளிகையில் லீ குட்வின் சாராயம் காய்ச்சுகிறான். மெம்ஃபிஸ் கும்பலின் பாப்பை அங்கே வந்துபோகிறான். தப்பிவந்து சிக்கும் கல்லூரி மாணவி டெம்பிள் டிரேக்குக்கு நேரும் கொடுமையும் ஒரு கொலையும் குட்வின்மேல் விழுகின்றன. செய்யாத குற்றத்துக்காக ஊர்க் கும்பல் அவனை எரிக்கிறது. அவனிடம் வாங்கிக் குடித்தவர்களும் நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர்களும் வெவ்வேறு ஊர்க்காரர்கள் அல்லர். இவ்வகையில் எழுதப்பட்ட எதிலும் இல்லாத இருட்டு இதில் இருக்கிறது. நூலின் அக்கறை சாராயம் அன்று. ஆனால் சட்டவிரோதத் தொழிலாளி எவ்வளவு எளிதாகப் பலியாடு ஆவான் என்பதை இது காட்டிய அளவுக்குப் பின்வந்தவர்கள் காட்டவில்லை.

எல்மோர் லெனர்டின் ‘த மூன்ஷைன் வார்’ (1969) வேறு இனம். 1931-இன் கென்டக்கி. தந்தை விட்டுச்சென்ற 150 பீப்பாய் முதிர்ந்த விஸ்கியை சன் மார்ட்டின் ஒளித்து வைத்திருக்கிறான். மதுவிலக்கு முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்த நேரம். அது முடிந்தால் சரக்கின் விலை எகிறும். படைப்பிரிவில் உடனிருந்த நண்பனும் இப்போது மதுவிலக்கு அதிகாரியுமான ஃபிராங்க் லாங் அதைத் தனக்காகவே கைப்பற்ற வருகிறான்; தன்னால் முடியாதபோது ரவுடிகளை அழைத்து வருகிறான்; அவர்கள் அவனையே மிஞ்சுகிறார்கள். அதுவரை மேற்கத்தியச் சாகசக் கதைகள் எழுதிய லெனர்ட் குற்றக் கதைக்கு நகர்ந்த ஆண்டில் வந்த நூல் இது. எலும்புக்கூடு இன்னும் பழைய கௌபாய் கதையினுடையதே. வரலாற்று ஆழம் குறைவு. ஆனால் சரக்கை முதலீடாகப் பார்க்கும் கண் கூர்மையானது. மலைவாசியை அப்பாவியாக ஆக்காத முதல் சில நூல்களில் இதையும் சேர்க்கலாம்.

கார்மாக் மெக்கார்த்தியின் முதல் புதினமான ‘த ஆர்ச்சர்ட் கீப்பர்’ (1965) கிழக்கு டென்னசியில் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைச் சொல்கிறது. சாராயம் கடத்தும் மேரியன் சில்டர் தற்காப்பில் ஒருவனைக் கொன்று, உடலை ஒரு பழத்தோட்டத்துக் குழியில் போடுகிறான். இறந்தவனின் மகன் பின்னாளில் சில்டரின் நண்பனாகிறான். இருவருக்கும் அந்த உறவு தெரியாது, கடைசிவரை வெளிப்படுவதுமில்லை. குற்றப் புதினத்தின் மையமான வெளிப்பாட்டையே எடுத்துவிட்டுக் கதை நடத்திய துணிச்சல் இது.

டாம் ஃபிராங்க்ளினும் பெத் ஆன் ஃபென்னலியும் சேர்ந்து எழுதிய ‘த டில்டட் வேர்ல்ட்’ (2013) 1927-இன் மிசிசிப்பிப் பெருவெள்ளத்தை எடுத்துக்கொள்கிறது. கணவன் ஊரில் மிடுக்காக விற்கும் சரக்கைக் காட்டில் தனியே காய்ச்சுபவள் டிக்ஸி கிளே. காணாமல்போன அதிகாரிகளைத் தேடி வருகிறார்கள் இரு மத்திய ஆட்கள். காய்ச்சும் கை ஒரு பெண்ணுடையதாக இருப்பது இங்கே புதுமைக்காக வைத்தது போல் தெரியவில்லை. ஊறலைக் கிளறும் உழைப்பு விவரமாக எழுதப்பட்டிருப்பதால் அது நம்பும்படி அமைகிறது. முடிவு மட்டும் மிக இனிப்பு.

இந்த நூல்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒன்றைத் தவிர்க்கின்றன: குடித்தவரை. அவசரத்தில் வாகன ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்துக் காய்ச்சிய சரக்கில் ஈயம் இறங்கியது. மருந்து என்ற பெயரில் விற்ற ஜமைக்கா இஞ்சிச் சாற்றில் 1930-இல் சேர்க்கப்பட்ட ஒரு பாஸ்பேட் வேதிப்பொருள் பல்லாயிரம் ஏழைகளின் கால்களை முடக்கியது. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாததாக்க அரசே மெத்தனாலைக் கலக்க வைத்தது. அதைக் கடத்திக் குடித்தவர்கள் இறந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் நகரத்தினர், அதனால் மலைக் கதையில் அவர்களுக்கு இடமில்லை என்பது பாதி உண்மைதான். மலைச் சரக்கின் பெரும்பகுதி நகரத்துக்கே போனது. இன்னொரு மௌனம் கறுப்பினத்தவர் பற்றியது. தெற்கில் மதுவிலக்கு இயக்கம் வளர்ந்ததில் கறுப்பினத்தவர்மீதான வெள்ளையரின் அச்சத்துக்குப் பங்குண்டு. 1920-களின் கூ கிளக்ஸ் கிளான் மதுவிலக்கின் ஆர்வலராக நின்றது. கறுப்பினக் காய்ச்சுபவர்களும் இருந்தார்கள். புதினங்களில் மலைவாசி என்றாலே வெள்ளையர் என்ற மர்ஃப்ரீ காலத்து அச்சு இன்னும் உடையவில்லை.

1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு நீங்கியது, வரி நீங்கவில்லை. பல தென்மாநில மாவட்டங்கள் உள்ளூர் வாக்கெடுப்பால் மதுவை விலக்கியே வைத்திருந்தன. எனவே மலைத்தொழில் தொடர்ந்தது, கதையின் நாயகன் மட்டும் மாறினான். 1932-இல் ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலைக் காரில் பொருத்தியபின் இரவில் சரக்கோடு பறக்கும் ஓட்டுநர்களே புகழ் பெற்றார்கள். 1948-இல் முறையான அமைப்பான நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் தொடக்ககால வீரர்களில் சிலர் அவர்களே. பின்னாளில் அதன் பெரும் நட்சத்திரமான ஜூனியர் ஜான்சன், 1956-இல் தந்தையின் கொட்டகையில் பிடிபட்டுச் சிறை சென்றவர். 1958-இல் ராபர்ட் மிச்சம் நடித்த ‘தண்டர் ரோடு’ படம் இந்த ஓட்டுநரை மக்கள் நாயகனாக்கியது. டெய்லர் பிரவுனின் ‘காட்ஸ் ஆஃப் ஹவுல் மவுன்டன்’ (2018) அந்த வரிசையில் வருவது: 1950-களின் வட கரோலினா, கொரியப் போரில் கால் இழந்து திரும்பிய இளைஞன், பச்சிலை மருத்துவம் தெரிந்த பாட்டி, மலையை ஆளும் ஒரு சாராய முதலாளி. இளைஞன் ஓட்டுகிறான், ஓட்டும் ஒவ்வொரு நடைக்கும் முதலாளி தரும் கூலியிலேயே அவன் குடும்பம் நடக்கிறது.